நாலாம் சாட்சி

குருபூசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மடத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் ஐந்து தாள்களைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். நாலாவது தாளில் குறுக்கே சிவப்புப் பென்சில் கோடு ஒன்று ஓடியது.

சாமிக்கு நாற்பத்தைந்து வயது. கோமதிநாயகத்துக்கு அறுபத்தெட்டு. முப்பத்தோரு வருஷம் முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். சீடப்பிள்ளைக்குப் பல்செட்டு, குருவுக்கு இன்னும் நரைகூட வரவில்லை என்று ஊரில் கேலி உண்டு. சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன அண்ணாச்சி, கோடு?"

"இது நிக்காது சாமி. எடுத்துரலாம்."

அந்த மடத்தைத் தொடங்கியவர் மடைகாத்த சாமி. நூற்று முப்பது வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் ஊர்ப் பெரியகுளம் நிரம்பி, பெருமடைக்குப் பக்கத்தில் கரை வாய்பிளந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட்களை ஏவி, மண் மூட்டை போட்டு அடைத்து ஊரைக் காப்பாற்றினார். அதிலிருந்து இருபது வருஷம் கழித்து அவர் சமாதியானார். அப்போது, அன்று நடந்ததைப் பார்த்த நாலு பேரை மடத்துக்கு வரவழைத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்தார்கள். குருபூசை அன்று அந்த நாலு சாட்சியங்களையும் சபையில் வாசிப்பது வழக்கம்.

இந்த வருஷம்தான் முதல்முதலாக அச்சில் வரப்போகிறது. பொறுப்பு கோமதிநாயகத்துக்கு. ஐந்தாவதாக அவருடைய சாட்சியத்தையும் சேர்க்க வேண்டும் என்று அன்பர்கள் கேட்டிருந்தார்கள்.

"ஏன் நிக்காது?"

"மூணு பேரு சொல்றது ஒண்ணா இருக்கு. காலையிலேருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் பெருமடையை விட்டு நகரல. கணக்குப்பிள்ளை அப்படித்தான் சொல்றாரு. பூக்கட்டுற பண்டாரமும் அதேதான். மண்ணு வெட்டப் போன இருளப்பனும் அதேதான். இந்தக் குப்பாச்சி மட்டும் உச்சிப்பொழுதுல சாமியே மேலக்குடிக்கு வந்து, தன்னையும் கைப்பிள்ளையையும் தூக்கி மேட்டுல விட்டாருங்கா. பெருமடைக்கும் மேலக்குடிக்கும் ஒரு மைல் சாமி."

"அதுக்குத்தான் ஊர்ல ஒரு பதில் வச்சிருக்காங்களே. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தாருன்னு."

"சபையில கேக்க நல்லாருக்கும். அச்சுல போட்டா படிச்சவன் சிரிப்பான். அந்த ஒருத்தி சொன்னதுக்காக மத்த மூணு பேரையும் சேத்துச் சிரிப்பான்."

"அப்போ குப்பாச்சி பொய் சொல்லுதா?"

"பொய்யா இருக்கணும். இல்லேன்னா யாரோ சொல்லிக்குடுத்ததா இருக்கணும். கூண்டுக்குக் கீழ உக்காந்து எழுதி எழுதி விரல் தேஞ்சவன் நான். பொய்ச்சாட்சி தொண்டையைச் செருமும்போதே எனக்குத் தெரிஞ்சுரும்."

சாமி ஒரு இணுக்கை உருவி முடித்து அடுத்ததை எடுத்தார்.

"அஞ்சாவது நிக்குமா?"

கோமதிநாயகம் சிரித்தார். "அது என்னுதுல்லா. எனக்கு நடந்தது. வேற யாரோ சொல்லிக் கேட்டதில்ல. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்?"

"சரி, ஒருதரம் சொல்லுங்க. கோர்ட்டுல சொல்ற மாதிரி."

கோமதிநாயகம் எழுந்து நின்றார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"ஏழு வருஷத்துக்கு முன்னால, ஆடி அமாவாசை. என் சம்சாரம் தவறின மொத வருஷம். திதி குடுக்க இந்த ஊர்க் குளத்துக்கு வந்தேன். சக்கரை மாத்திரையப் போட்டுட்டு, விரதம்னு சாப்பிடாம இருந்தேன். கடைசிப் படியில தலை சுத்திச்சு. தண்ணிக்குள்ள போயிட்டேன். போனாப் போகுதுன்னுதான் அப்ப தோணிச்சு. அப்படி இருந்தேன் அந்த வருஷம்." அவர் நிறுத்தி, தொடர்ந்தார். "சாமி என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தீங்க. வாயில பிரசாதம் வச்சீங்க. அந்த இனிப்பு இன்னும் நாக்குல இருக்கு. சாயந்திரம் நான் நல்லா முழிச்சப்ப, பக்கத்துல உக்காந்து கஞ்சி ஆத்திக்கிட்டிருந்தீங்க. அன்னைக்கு வந்தவன்தான். திரும்பிப் போகல."

எத்தனையோ தரம் சொன்ன கதை. இருந்தும் பிரசாதம் என்ற இடத்தில் வழக்கம்போலக் கண் நிறைந்தது.

"தூக்கினப்ப மூஞ்சியப் பாத்தீங்களா?"

"தோள்ல தலைகீழாக் கெடக்கேன். மூஞ்சி எங்க தெரியும்? காவித் துண்டு தெரிஞ்சுது. கன்னத்துல ஒரசிக்கிட்டே வந்துது."

"ஆடி அமாவாசைக்கு நாம எங்க போவோம் அண்ணாச்சி?"

"மலையடிவாரத்துக்கு. சாமியோட குருநாதர் சமாதிக்கு."

"எப்ப கிளம்புவோம்?"

"விடியுமுன்னால. திரும்பி வரச் சாயந்திரம் ஆயிரும்."

"நீங்க எத்தனை வருஷமா வாரீங்க?"

"ஆறு வருஷமா. ஒரு வருஷம்கூட விட்டதில்ல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அந்த வருஷம் சாமி தனியா..."

கோமதிநாயகத்தின் பார்வை ஐந்தாவது தாளுக்குப் போயிற்று.

முற்றத்தில் யாரோ வாளியை இறக்கிவைத்தார்கள். சாமி கீரையில் கிடந்த ஒரு பழுத்த இலையைப் பொறுக்கி எறிந்தார்.

"சாமி எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் கோமதிநாயகம்.

"மறுநாளே சொன்னேனே. 'நான் தூக்கல அண்ணாச்சி'ன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

கோமதிநாயகத்துக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"'சாமிக்கு என்ன அடக்கம்'னு சொன்னேன்."

"அடுத்த வருஷமும் சொன்னேன். அந்தக் குருபூசையில நீங்க அதையும் சேத்துக்கிட்டீங்க. 'தூக்கிட்டுத் தூக்கலேங்கிற மகான்'னு. சபை கைதட்டிச்சு. அதோட நான் வாயத் தொறக்கல. அது என் தப்புதான். அச்சுக்குப் போறதுக்கு முன்னாலயாவது சொல்லணும்னு இருந்தேன்."

கோமதிநாயகம் உட்கார்ந்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து ஐந்தாவது தாளிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"வீட்டை மகன்கிட்ட விட்டுட்டு வந்தேன். ஊர் ஊராப் போய் இதைச் சொன்னேன். எல்லாம் ஒரு பொய்ச்சாட்சி மேல நின்னுக்கிட்டு. இனி இங்க உக்கார எனக்கு என்ன நியாயம் இருக்கு சாமி? இன்னைக்கே கிளம்புதேன்."

"பஸ் மூணு மணிக்குத்தான். உங்களத் தூக்கினது யாருன்னு தெரியவேண்டாமா?"

"சாமிக்குத் தெரியுமா?"

"கேள்விதான். நான் பாக்கல. கேள்விப்பட்டதைச் சொன்னா உங்க கோர்ட்டுல செல்லாதே." சாமி முறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "குளத்துப் பக்கம் போய் விசாரிங்க. போறதா இருக்கறதான்னு வந்து சொல்லுங்க."

குளத்தில் தண்ணீர் முக்கால் மட்டத்துக்கு ஏறியிருந்தது. படித்துறையில் ரஞ்சிதம் போர்வை அலசிக்கொண்டிருந்தாள். மடத்துக்குப் பால் ஊற்றுகிறவள். கோமதிநாயகம் இரண்டு படி மேலேயே நின்றார்.

"தாயி, ஒண்ணு கேக்கேன். ஏழு வருஷத்துக்கு முன்னால நான் இந்தத் தண்ணியில விழுந்தேனே. என்னைத் தூக்கினது யாரு?"

கேலி செய்கிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தளவாயண்ணன்தான். ஊருக்கே தெரியும்லா."

"எனக்குத் தெரியாதே."

"நீங்கதான் மைக்கு வச்சு சாமி தூக்கினாரு, சாமி தூக்கினாருன்னு சொல்லுதியளே. கோர்ட்டுல இருந்த பெரியமனுசரு. நடுவுல எந்திரிச்சு 'இல்ல'ன்னு சொல்ல எங்களுக்கு வாயி வருமா?"

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? எங்க மதினி பாத்தா. அவ, செருப்பு ஒண்ணு மெதந்துச்சுன்னு சொல்லுவா. எங்க கொழுந்தன், செருப்பெல்லாம் இல்ல, சொம்புதான்னு சொல்லுவான். அந்தச் சண்டை எங்க வீட்டுல இன்னும் தீரல."

"செருப்பைப் படிக்கு மேல கழட்டிப் போட்டிருந்தேன்" என்றார் கோமதிநாயகம். பிறகு, அதுவும் நிச்சயம்தானா என்று யோசித்தபடி கரையில் நடந்தார்.

தளவாய் பெருமடையில் இருந்தார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். மடைக்கதவின் இரும்புத் திருகில் முழங்கைவரை கிரீஸ் அப்பிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தார். வாயில் வந்தது வேறு.

"தளவாய், நான் எவ்வளவு கனம் இருந்தேன்?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. தளவாய் படித்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளைக்கு நாக்கு நிக்காது."

"கனத்தைச் சொல்லுங்க."

"நனைஞ்ச நெல்லு மூட்டை. ரெண்டு நாளைக்குத் தோளு எந்திரிக்கல. சாமி இருக்கற ஒடம்புக்கு உங்களத் தூக்க முடியுமா? அத வச்சே நீங்க கண்டுபிடிச்சிருக்கணும். கோர்ட்டுல என்னத்தத்தான் பாத்தியளோ."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அது வந்த வழியிலேயே வேறொன்றும் வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"வாயில பிரசாதம் வச்சீங்களே?"

"பிரசாதமா?" தளவாய் யோசித்தார். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். "கருப்பட்டி அண்ணாச்சி! எங்கய்யாவுக்கும் சக்கரை உண்டு. கிறங்கி விழுந்தாருன்னா அதான் வைப்போம். மடியில பீடிக்கட்டோட கெடந்துச்சு. ஒரு துண்டு கிள்ளிக் கன்னத்துக்குள்ள அடக்கினேன். புகையிலை வாசம் அடிக்கலியா?"

"தேன் மாதிரி இருந்துது."

"அப்படின்னா நல்ல கருப்பட்டிதான். எங்க சித்தி குடுத்தது."

"ஏன் தளவாய், ஒரு வார்த்தை சொல்லல?"

"அன்னைக்கே சொன்னேனே. லேசாக் கண்ணத் தொறந்து 'சாமி, சாமி'ன்னு கையப் புடிச்சிய. 'நான் தளவாய்'னு சொன்னேன். நீங்க அதுக்கும் 'சாமி'ன்னிய. அப்புறம் அந்த வருஷம் குருபூசைக்கு வந்தேன். சொல்லிரலாம்னுதான் வந்தேன். நீங்க கண்ணுல தண்ணி வுட்டுக்கிட்டு அப்படிச் சொல்லுதிய. எனக்கே ஒரு நிமிசம், தூக்கினது சாமிதானோன்னு இருந்துச்சு."

"நான் ஊர் ஊராப் போய்ச் சொன்னேனே."

"அதுக்கு? நாலு சனத்துக்கு முன்னால எந்திரிச்சு 'அவரு இல்ல, நான்தான்'னு நெஞ்சுல தட்டச் சொல்லுதியளா? வெக்கக்கேடு. ஆளு பொழைச்சுக் கெடக்கான்லா. அதுக்கப்புறம் என்ன பேச்சு."

கோமதிநாயகம் அவர் முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

தளவாய் பதறிப்போனார். "கும்பிடாதிய அண்ணாச்சி. கையெல்லாம் கிரீசு. திருப்பிக் கும்பிட முடியாம நிக்கேன்."

"நிக்கட்டும்."

மடைக்கு உள்ளே தண்ணீர் இரைந்தது. நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கத் தளவாய் தலையைத் தோளில் இடித்துத் தேய்த்தார். அப்போதுதான் கோமதிநாயகம் அவர் தலையில் கட்டியிருந்ததைப் பார்த்தார். வெளுத்த காவித் துண்டு.

"அன்னைக்கும் இதுதான் தோள்ல கெடந்துதா?"

"இது இல்ல. அது அந்த வருஷத்துத் துண்டு. இது போன சித்திரையில நீங்க குடுத்தது."

சாமி உடுத்திக் கழித்த துணிகளை வருஷந்தோறும் குளத்து வேலைக்காரர்களுக்குக் கொடுப்பது மடத்து வழக்கம். ஆறு வருஷமாக மடித்து எடுத்துக் கொடுப்பவர் கோமதிநாயகம். தளவாயின் கையில் ஆறு தரம் துண்டை வைத்திருக்கிறார்.

"இந்த வழக்கம் எப்ப வந்துது தளவாய்?"

"யாரு கண்டா? மடைகாத்த சாமி காலத்துலயே உண்டும்பாக."

கோமதிநாயகம் மடத்துக்குத் திரும்பியபோது பந்தி முடிந்திருந்தது. அவர் சாப்பிடப் போகவில்லை. தாழ்வாரத்தில் தாள்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மூன்றாவது தாளை எடுத்தார். மண் வெட்டப் போன இருளப்பன் சொன்னது. அவரே நாலு தரம் படி எடுத்த தாள்.

'சாமி பெருமடையில் நின்றார். விளக்கு வைக்கும்வரை நகரவில்லை. உச்சிப்பொழுதில் என்னைக் கூப்பிட்டுத் தம் தோள்துண்டை எடுத்து என் தலையில் கட்டி, மேற்கே போ என்றார். போனேன். திரும்பி வந்தபோதும் சாமி அங்கேயே நின்றிருந்தார்.'

சாமி நகரவில்லை என்பதற்கு மட்டும்தான் அவர் அதைப் படித்திருந்தார். போன இடத்தில் இருளப்பன் என்ன செய்தான் என்று தாளில் இல்லை. எழுதியவர் கேட்கவில்லை. இருளப்பனும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுத உட்கார்ந்தார்.

மூன்று மணி பஸ் குளத்துக்கரை வளைவில் ஹாரன் அடித்துப் போயிற்று. சாமி ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"போயிருச்சே அண்ணாச்சி."

"போகட்டும் சாமி. தளவாய் இருக்கற ஊரை விட்டு நான் எங்க போக?"

அவர் மோரைக் குடித்து முடிக்கும்வரை சாமி காத்திருந்தார்.

"அஞ்சாவதை மாத்தி எழுதிட்டேன். 'என்னைத் தூக்கியவர் மடை திறக்கும் தளவாய். என் வாயில் வைத்தது கருப்பட்டி. அவர் தம் பெயரைச் சொன்னார். நான் கேட்கவில்லை. சாமியும் சொன்னார். அதையும் கேட்கவில்லை. கஞ்சி கொடுத்தது சாமி. அது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.' இவ்வளவுதான். குருபூசையில இதை நானே வாசிக்கேன்."

"தளவாய் ஒத்துக்கிட்டாரா?"

"அன்னைக்கு வெளியூர் போயிருவேன்னு சொல்லுதாரு. ரஞ்சிதத்துக்கிட்ட சொல்லிப் புடிச்சு உக்காரவைக்கணும்."

சாமி சிரித்தார். கோமதிநாயகம் மூன்றாவது தாளை நீட்டினார். சாமி படித்தார். படித்துவிட்டு, யாரையோ கும்பிடுவதுபோல் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இத்தனை வருஷம் சபையில உக்காந்து கேட்டிருக்கேன் அண்ணாச்சி. எனக்கும் இது காதுல விழல."

"குப்பாச்சி பொய் சொல்லல சாமி. அது மட்டும் தெரிஞ்சுபோச்சு. என்னை மாதிரிதான் அவளும்." கோமதிநாயகம் நாலாவது தாளை எடுத்தார். சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "ஆனா அச்சுல எப்படிப் போட? ஆளு மாறிப்போச்சு. அவ பாத்தது ஒரு துண்டை. நானும் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டேன். இந்தத் தாள்ல உறுதியா நிக்கறதுன்னு ஒண்ணும் இல்லையே."

"மேல என்ன எழுதியிருக்கு? யாரு, எவருன்னு?"

கோமதிநாயகம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தலைப்பு வரியை வாசித்தார். "'மேலக்குடி குப்பாச்சி, கண் பார்வை போய்விட்டதால் மகன் கைபிடித்து அழைத்துவர, வந்து சொன்னது.'"

"அவளுக்கு ஒரே பிள்ளைதான் அண்ணாச்சி. அன்னைக்கு மேட்டுல விட்ட கைப்பிள்ளை."